எஃப்எம் நாட்குறிப்பு: இரண்டு அலைகளும் ஒரு வெண்கல மணியும்

ஜூன் 14, கும்பகோணம்

டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவினேன். யமஹா 1983-இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டின் ஒலி முறையைக் கணினியில் தருவது இது. அந்த முறைதான் எஃப்எம்: ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் அசைத்துப் புதிய குரல் உண்டாக்குவது. ஆறு ஆபரேட்டர்கள் (ஒவ்வொன்றும் ஓர் அலையை உண்டாக்கும்), அவற்றை இணைக்க 32 அல்காரிதங்கள் (எது எதை அசைக்கும் என்ற இணைப்பு வரைபடங்கள்). ஆயத்த ஒலிகளைத் தொடாமல், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதல் ஆபரேட்டரை மட்டும் ஒலிக்க விட்டேன். வெறும் சைன் அலை, வழவழவென்று ஒரு 'ஊ'. இரண்டாவது ஆபரேட்டரின் அளவை மெல்ல ஏற்றினேன். அதன் சுருதி தனியாகக் காதில் விழவே இல்லை. முதலாவதின் குரல்தான் 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்குத் திறந்து, பிறகு கரகரத்தது. ஒரே ஒரு குமிழைத் திருப்பியதற்கு இவ்வளவு மாற்றமா!

ஜூன் 15

ஸ்டான்ஃபோர்டில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் இந்த முறையைக் கண்டது 1967-இல். வைப்ரேட்டோவின், அதாவது சுருதி நடுக்கத்தின், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஓர் எல்லைக்கு மேல் காது அதை நடுக்கமாகக் கேட்காமல் புதிய குரலாகக் கேட்டது. 1973-இல் கட்டுரை வெளிவந்தது. யமஹா உரிமம் பெற்றது.

கணக்கு எளிதுதான். ஒலிக்கும் அலை கேரியர், அதை அசைப்பது மாடுலேட்டர். கேரியரின் இருபுறமும் மாடுலேட்டரின் அதிர்வெண் இடைவெளியில் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. இரண்டும் 200 ஹெர்ட்ஸ் என்றால் 400, 600, 800 என்று ஒழுங்கான வரிசை. மாடுலேட்டரை 400 ஆக்கினால் 200, 600, 1000 என ஒற்றை மடங்குகள் மட்டும். கிளாரினெட்டின் குழல் தன்மை வந்துவிடுகிறது.

ஜூன் 19

கும்பேஸ்வரர் கோவிலின் சாயரட்சை மணி காதில் இருக்கும்போதே உட்கார்ந்தேன். விகிதம் 1.4. கேரியர் 200, மாடுலேட்டர் 280. மேலே 480, 760. கீழே கழித்தால் எதிர்ம எண்கள் வரும். அவை மடங்கி 80, 360 என்று ஒலிக்கின்றன. இவற்றில் எதுவும் 200-இன் முழு மடங்கு அல்ல. உலோகத்தின் கணீர் அந்த ஒழுங்கின்மையில்தான் இருக்கிறது.

ஆனால் விகிதம் மட்டும் மணியாகிவிடாது. விசையை அழுத்திப் பிடித்தால் ஏதோ எச்சரிக்கை ஒலிபோல ஒரே சீராக நின்றது. என்வலப்பில்தான், அதாவது ஒலி நேரத்தோடு ஏறி இறங்கும் வடிவில்தான், உயிர். ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் நான்கு வேகங்கள், நான்கு அளவுகள். கேரியர் நிதானமாக அடங்கட்டும், மாடுலேட்டர் அதைவிடச் சீக்கிரம் அடங்கட்டும் என்று அமைத்தேன். அடித்த கணத்தில் எல்லாம் சேர்ந்து கணீரென்றது. பிறகு உச்சி ஓசைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ரீங்காரம் மட்டும் நின்றது. வெண்கலம்! ஒலியின் குணத்தை விகிதம் தருகிறது. அது எப்படிப் பிறந்து எப்படித் தேய்கிறது என்பதை மாடுலேட்டரின் என்வலப் தருகிறது. எஃப்எம் கற்பவர்கள் அல்காரிதப் படங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இதில் ஒரு வாரம் செலவிட வேண்டும் என்பேன்.

ஜூன் 26

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் நாற்றங்கால் பேச்சுதான். நான் நாகஸ்வரத்தில் இறங்கியிருக்கிறேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் குழலின் குரலை இரண்டு அலைகளில் கேட்கும் ஆசை.

விகிதம் 1:1. காற்று வாத்தியத்தில் ஊதும் வேகம் கூடும்போது உச்சி ஓசைகளும் கூடும். டிரம்பெட்டில் இதை அளந்து காட்டியவர் பெல் ஆய்வகத்தின் ழான்-க்ளோத் ரிஸே. எனவே இங்கே மாடுலேட்டர் கேரியரோடு சேர்ந்தே ஏற வேண்டும்.

எதிர்வீட்டு நாகஸ்வரக்கார மாமாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"குரல் கிட்டத்தட்ட வந்துவிட்டது தம்பி. ஆனால் தொடக்கத்தில் உதடு படவில்லை. சீவாளி முதலில் ஒரு வெட்டு வெட்டும், அப்புறம்தான் நிற்கும்."

மாடுலேட்டரின் முதல் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி, உடனே சற்று இறங்கி நிற்கும்படி அளவுகளை மாற்றினேன். மறுபடி போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போது கமகம் கொடு" என்றார்.

அதற்குப் பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) போதும். இரு ஆபரேட்டர்களும் விகித முறையில் இருப்பதால் சுருதி வளையும்போது இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. இடையிலுள்ள விகிதம் கலையாததால் குரலும் கலைவதில்லை. மாடுலேட்டரை நிலையான அதிர்வெண்ணில் வைத்தால் ஒவ்வொரு சுரத்திலும் குரல் வேறாகிவிடும். வளைவின் எல்லையை நான்கு அரைச்சுரங்களாக வைத்து, தோடியின் காந்தாரத்தில் தொடங்கியிருக்கிறேன்.