முதல் சீலமும் என் வேலையும்

கடலூரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் துப்புரவுப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு போன் ஓயாது. மஞ்சக்குப்பத்தில் அடைப்பு, முதுநகரில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, உடனே ஆள் அனுப்புங்கள். எல்லோரும் ஆளைத்தான் கேட்பார்கள், கழிவை உறிஞ்சும் வண்டியைக் கேட்பதில்லை. வரப்போகும் ஆள் எந்தச் சாதி என்பது கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் அம்பேத்கர் வழியாகப் பௌத்தத்துக்கு வந்தவன். காலையில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலமும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவேன். மனசுக்கு நிம்மதி கிடைக்குமே என்பார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். கிடைக்கிறதுதான். ஆனால் நிம்மதி மட்டும் போதுமென்றால் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவ லட்சக்கணக்கானோர் கூடியிருக்கவும் வேண்டியதில்லை. சாதியின் கை எட்டாத ஒரு வாழ்க்கையைத் தேடித்தான் அவர்கள் போனார்கள்.

உயிரைக் கொல்லேன் என்கிற முதல் சீலம் எனக்கு விளங்கியது இந்த வேலையில்தான். தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷவாயு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போகிற இரண்டாவது ஆளும் அப்படித்தான் சாகிறார். இது தெரிந்தே ஒருவரை இறக்குகிறவர் கையில் ரத்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பாதுகாப்புக் கருவியில்லாமல் இறக்குவதைக் கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக்கியது. ஆனாலும் இறக்குகிறார்கள்.

ஒரு மழைநாளில், வருஷக்கணக்காக இதே வேலை பார்த்த அண்ணன் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடியைத் தூக்கப் போனார்.

"வேணாண்ணே, லாரி வந்துட்டிருக்கு."

"அது எப்ப வர்றது சார்? அரை மணி நேர வேலை."

"நான் விட மாட்டேண்ணே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு மாசச் சம்பளம் வருது. வீட்டுக்காரர் தர்ற காசு போச்சுன்னா எனக்கு யார் தருவா?"

நியாயமான கேள்வி. வாடிய பூக்களைப் பெருக்கிப் பிழைத்த சுனீதனை வழியில் கண்ட புத்தர், ஆசி சொல்லி அதே துடைப்பத்தோடு திருப்பி அனுப்பவில்லை. வா என்று அழைத்துத் தன் துறவியர் சங்கத்தில் இடம் கொடுத்தார். தடுப்பதோடு என் கருணை நின்றுபோனால் அந்த அண்ணன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

இந்த வேலையிலிருந்து மீள அரசு நடத்தும் மறுவாழ்வுத் திட்டத்தில் 40,000 ரூபாய் உதவித்தொகையும் தொழில் கடனும் உண்டு. இந்த வேலை பார்ப்பவர்களை அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். அவர் பெயர் இல்லை. திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு அவரோடு நானும் போய் மனு கொடுத்தேன். கழிவுநீர் லாரியில் நிரந்தர வேலை வேண்டும் என்றும், மகனுக்கு டிரைவிங் பயிற்சி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மனு நிலுவையில் இருக்கிறது. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருக்கப்போகிறோம்.