கொட்டாவிக் கொப்பியும் பதின்மூன்றாம் போரும்

நாடகம் பார்க்கப் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். நாடகத்தின் பெயர், தேதி, மண்டபம், அப்புறம் ஒரு நேரம். அது எனக்கு முதல் கொட்டாவி வந்த நேரம். இருபது வருடமாக எழுதி வருகிறேன். விமர்சனம் எழுதத் தெரியாதவனுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது. கொழும்பில் பார்த்த ஒரு நாடகத்துக்கு நேராக ஏழாவது நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. இயக்குநர் தெரிந்தவர், பெயர் வேண்டாம்.

கொட்டாவி விடலாம், தூங்கக்கூடாது. அதுதான் என் கொள்கை. கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பக்கத்து இருக்கையில் குறட்டை விட்ட ஒரு பெரியவரை முழங்கையால் இடித்து எழுப்பியிருக்கிறேன். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

பங்குனியில் மட்டக்களப்புக்குப் போனேன். கூட வேலை செய்யும் நண்பனின் வீடு கல்லடியில். "வெள்ளிக்கிழமை டவுனில ஒரு கூத்து, சனிக்கிழமை படுவான்கரையில விடிய விடியக் கூத்து. ரெண்டையும் பார், மறுகா கதைப்பம்" என்றான். 'மறுகா' என்றால் பிறகு. மட்டக்களப்பில் இறங்கி அரை மணி நேரத்தில் அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொள்ளும். கொழும்பிலிருந்து இரவு பஸ். வெலிக்கந்தை, புணானை எல்லாம் இருட்டிலேயே போய்விட்டன. விடியும்போது ஜன்னலுக்கு வெளியே வெட்டி முடிந்த வயல்.

பகல் முழுக்க வெயில். நண்பனின் ஸ்கூட்டரில் கல்லடிப் பாலத்தைக் கடந்து திரும்பி, தமிழறிஞர் விபுலாநந்தரின் சமாதிக்கும் போய் வந்தோம். காரைதீவில் 1892இல் பிறந்த மனிதர். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழனுக்கு எடுத்துச் சொல்ல 'மதங்க சூளாமணி' என்று ஒரு நூலே எழுதினார், 1926இல். இந்தக் கரையில் நாடகம் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் அவர் பெயர் வந்துவிடும்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நகரில் ஒரு மண்டபம். குளிரூட்டி, நல்ல இருக்கை, பின்னால் பெரிய எல்இடி திரை. ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய, வடமோடி என்ற பாணிக் கூத்து, பாரதக் கதைதான். திரையில் கோட்டை வந்தது, குதிரை வந்தது, நெருப்பு வந்தது. நடிகர்களும் வந்தார்கள், ஆனால் அந்த நெருப்புக்கு முன்னால் அவர்கள் கண்ணில் படவில்லை. பாட்டு முன்பே பதிவு செய்தது. ஒருவர் தாளக்கட்டு முடிந்து கால் நிறுத்திய பிறகும் மத்தளம் அரை நொடி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கூத்தில் மத்தளக்காரர் ஆடுபவனின் காலைப் பார்த்து அடிப்பார். பென் டிரைவுக்குக் கால் தெரியாது. பத்தொன்பதாவது நிமிடம், கொட்டாவி.

ஆனால் என் கோபம் திரை மீதோ பதிவுப் பாட்டு மீதோ அவ்வளவாக இல்லை, வெட்டிய இடத்தின் மீதுதான். சண்டை ஆட்டம் முழுதாக இருந்தது. செத்தவனின் மனைவி வந்து புலம்பும் பகுதி இரண்டு வரி, அதிலும் பாதியில் விளக்கை மங்கலாக்கி விட்டார்கள். கை தட்டல் வருவது குதித்து ஆடும்போது என்பதால் குதிப்பை வைத்துக்கொண்டார்கள் போலும்.

சுருக்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சிங்கள நாடகாசிரியர் சரத்சந்திர 1956இல் லயனல் வென்டில் 'மனமே'யை மேடையேற்றி, நாடகம என்ற பழைய மரபிலிருந்து நவீன சிங்கள நாடகம் ஒன்றைச் செய்து காட்டினார். அந்த நாடகம மரபின் வேரே தமிழ்க் கூத்து. அதைப் பார்த்த பிறகுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1960களின் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. அன்று ஆடிய மாணவர்தான் பிறகு பேராசிரியரான சி. மௌனகுரு. அவர் பிற்காலத்தில் மட்டக்களப்பில் திரும்பவும் தயாரித்த 'இராவணேசன்' என் கொப்பியில் கொட்டாவி நேரம் இல்லாமல் நிற்கும் சில பதிவுகளில் ஒன்று. போருக்குப் போகிறவனின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்த சுருக்கம் அது. வெள்ளிக்கிழமை பார்த்தது வேறு கணக்கு.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனோம். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை எழுவான்கரை, மேற்கே படும் கரை படுவான்கரை. இப்படி ஊருக்குப் பெயர் வைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

கோயில் வெளியில் மண் போட்டு உயர்த்திய வட்டக்களரி, அதாவது கூத்தாடும் வட்ட மேடை. சுற்றிவரக் கம்பு நட்டு, சேலை கட்டி, குழல் விளக்குப் போட்டிருந்தார்கள். சனம் பாயோடும் தலையணையோடும் வந்து இடம் பிடித்தது. தலையணை! லயனல் வென்டுக்கு ஒருவர் தலையணையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நண்பனின் மச்சான்தான் சுபத்திரை. ஒப்பனைக் கொட்டிலுக்குள் கூட்டிப் போனான். மச்சான் மீசையை வழித்துவிட்டு, ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் ஊசியுமாகச் சேலைத் தலைப்பைக் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் துரியோதனனுக்குக் கரப்புடுப்புக் கட்டினார்கள். பிரம்பு வளையத்தின் மேல் துணியும் மணியும் கண்ணாடித் துண்டும் வைத்துத் தைத்த உடுப்பு, கோழி கவிழ்க்கும் கரப்பு மாதிரியே விரிந்து நிற்கும். ஒருவர் பிடிக்க இன்னொருவர் இழுத்துக் கட்டினார். தூக்கிப் பார்த்தேன், கை இறங்கியது. இதைப் போட்டுக்கொண்டா சுற்றிச் சுற்றி ஆடப் போகிறார்கள்? கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் கொடுத்து, அதாவது ஆளாளுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுத்துப் பழக்கத் தொடங்கி, மாதக்கணக்காகிறதாம். வயல் வேலை முடிந்துதான் ஒவ்வொரு இரவும் பழகினார்களாம்.

கூத்து 'பதின்மூன்றாம் போர்'. அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போய்ச் சாகிற கதை. இங்கே அவன் அபிமன்னன். சுபத்திரை அவன் தாய்.

ஒன்பதரைக்குத் தொடங்கியது. அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவில். ஆடுபவர்கள் அவர்களைச் சுற்றி. லண்டனில் அக்கா வீட்டுக்குப் போனபோது 'லே மிசராப்ள்' பார்த்தேன் (டிக்கெட் என்ன விலை என்று அக்கா இன்றுவரை சொல்லவில்லை). 1985இலிருந்து அந்த நகரத்தில் ஓடுகிற இசை நாடகம். பேச்சே இல்லை என்று சொல்லலாம், முழுக்கப் பாட்டுத்தான். அங்கே வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஒளிந்திருந்தார்கள். இங்கே ஒளிவதற்கு இடமில்லை. தருமருக்கு அடி பிசகினால் அண்ணாவியார் சல்லாரி என்ற கைத்தாளத்தைத் தட்டியபடியே முறைப்பது கடைசிப் பாய் வரைக்கும் தெரிந்தது.

ஒவ்வொரு பாத்திரமும் வரவுப்பாட்டோடு வந்து, தான் யார் என்று பாடி, ஆடி முடிக்க வேண்டும். தருமர் வந்தார். வீமன் வந்தான். பிற்பாட்டுக்காரர் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பாடினார்கள். பன்னிரண்டரைக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன். இந்த நேரத்தில் லண்டன்காரன் புரட்சி செய்து, தோற்று, செத்து, கை தட்டு வாங்கி வீட்டுக்கும் போயிருப்பான். இங்கே ஆட்கள் இன்னும் வந்தே முடியவில்லை.

ஆனாலும் கொட்டாவி வரவில்லை. காரணம், நான் வேறொன்றைக் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். களரியின் ஒரு பக்கத்தில் கம்பு கட்டி இரண்டு மைக் தொங்கவிட்டிருந்தார்கள். ஆடுபவன் வட்டம் முழுக்க ஆடிவிட்டுப் பாடுவதற்கு மட்டும் அந்த மைக்கின் கீழ் வந்து நிற்கிறான். மூன்று பேர் பாடும் இடத்தில் மூன்று கிரீடமும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. பாட்டெல்லாம் அந்தப் பக்கம் நடப்பதால் சனமும் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கமே நகர்ந்தது. நடுச்சாமத்தில் வட்டக்களரியின் பின்பாதி வெறிச்சோடி, அங்கே இரண்டு நாயும் வேர்க்கடலை விற்கிற ஒரு கச்சான்காரியும் மட்டும் இருந்தார்கள். கூத்தை வட்டத்திலிருந்து பெயர்த்து, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனது பல்கலைக்கழகம் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு நான் பார்த்த வரையில் அதை இரண்டு மைக் செய்துகொண்டிருந்தது.

அண்ணாவியார் வெற்றிலை போட வெளியே வந்தபோது இதைச் சொன்னேன்.

"முந்தி மைக் இல்லாமத்தான் ஆடினம் தம்பி. இப்ப ஜெனரேட்டர் சத்தம், ஐஸ்கிறீம் வண்டிச் சத்தம். எங்கட தொண்டை தாங்குமா?"

"உடம்பில் ஒட்டும் சின்ன மைக் இருக்கிறதே ஐயா, வெளிநாட்டில் அதைத்தான் போடுகிறார்கள்."

அவர் கொட்டில் பக்கம் பார்த்தார். வீமன் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். "உந்த வேர்வையில நிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாய்க்குத் திரும்பினேன். பக்கத்தில் நண்பனின் பெரியம்மா, எழுபதுக்கு மேல். கச்சான் சுருளை நீட்டி, "ஒல்லுப்போல சாய்ஞ்சிக்க மனே. அபிமன்னன் வர இன்னும் நேரம் கிடக்கு" என்றார். ஒல்லுப்போல என்றால் கொஞ்சம். மரியாதைக்காகத் தலையணையில் தலையை வைத்தேன்.

அடுத்துக் கேட்டது: "எழும்பு மனே, பொடியன் செத்துட்டான்."

விழித்தபோது நாலு மணி கடந்திருந்தது. போர் முடிந்துவிட்டது. வியூகம், அம்பு மழை, பெரியம்மா இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பொடியனின் ஆட்டம், எதையும் நான் பார்க்கவில்லை. "போரில எழுப்பியிருக்கலாமே பெரியம்மா" என்றேன். "சண்டையை எப்பவும் பாக்கலாம். அழுகையைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் களரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

சுபத்திரை வந்தாள். மத்தளம் அடங்கி, சல்லாரி மட்டும் மெதுவாக. மச்சான் ஆடவில்லை, வட்டத்தைச் சுற்றி நடந்தார். ஒரு வரி பாடி, நின்று, அடுத்த வரி. பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் வெள்ளைக் கோடாக இறங்கியது. மைக்கின் கீழ் வந்ததும் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பாடிக்கொண்டே வட்டத்தின் பின்பாதிக்குப் போனார். அங்கே குரல் சிறுத்து, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடும் வரி மட்டும் பெரிதாகக் கேட்டது. மறுபடி முன்னால் வர அவர் குரல் எழும்பியது. நாலைந்து சுற்று இப்படி. ஒரு தாய் பிள்ளையைத் தேடி வளவைச் சுற்றி வருகிற மாதிரி. தூங்கிக்கொண்டிருந்த பாதிப் பேர் எழும்பி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இடித்து எழுப்பவில்லை. என் பக்கத்துப் பாயில் ஒரு பெண் மடியில் பிள்ளை தூங்க, சத்தமில்லாமல் அழுதாள். அது சுபத்திரைக்கான அழுகை மட்டும்தானா என்று இந்த மாவட்டத்தில் ஒருவரிடம் கேட்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை இரண்டு வரியில் முடிந்த புலம்பல் இங்கே முக்கால் மணி நேரம் போனது. சுருக்கியே ஆகவேண்டும் என்றால் ஐந்து பேர் வரவையும் ஒன்றாக்குங்கள், சண்டையில் பாதியைத் தூக்குங்கள். இதில் கை வைக்காதீர்கள்.

கடைசி வாழ்த்தான வாழி பாடி முடிக்கும்போது கிழக்கே வெளுத்துவிட்டது. மச்சானிடம் போய், மைக்கில் நிற்காமல் பாடியது எவ்வளவு நல்ல யோசனை என்று பாராட்டினேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். "யோசனை ஒண்டும் இல்லை. ஊசி கழண்டுட்டு. நிண்டா சேலை விழும், அதான் நடந்துகொண்டே இருந்தன்."

கல்லடிக்கு வந்து சட்டித் தயிரும் பிட்டும் சாப்பிட்டேன். அன்றிரவு பஸ்ஸில் கொப்பியைத் திறந்தேன். நாடகம், தேதி, இடம் எல்லாம் எழுதினேன். கொட்டாவி என்ற இடத்தில்: "இல்லை. 1.40க்குப் பிறகு தூக்கம். 4.10க்கு எழுப்பப்பட்டேன்." புரட்டாசியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு வரும்படி நண்பன் சொல்லியிருக்கிறான். பதினெட்டு நாள் சடங்கு. பாண்டவர் வனவாசமும் உண்டு, கடைசியில் தீமிதிப்பு. எத்தனை நாள் லீவு போடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.