ஸ்பிதிக்குள் நுழைய வேண்டிய வாசல்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிற்கு மோட்டார் சைக்கிளில் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிச் செல்லும் நீண்ட பாதை. மற்றொன்று மணாலியிலிருந்து குன்சும் கணவாயில் ஏறி இறங்கும் குறுகிய பாதை. ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவை எட்டிவிடலாம் என்பதால் பலர் மணாலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நண்பரும் நானும் திட்டமிட அமர்ந்தபோது, எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வோர் இரவும் எவ்வளவு உயரத்தில் உறங்கப்போகிறோம் என்பதைத்தான் முதலில் எழுதினோம்.

மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்புபவர் 4,500 மீட்டருக்கும் மேலான குன்சுமைக் கடந்து, அன்றிரவே 3,800 மீட்டர் உயரத்திலுள்ள காசாவில் படுக்கிறார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பழகாத உடலுக்குத் தலைவலியும் வாந்தியும் அன்றே தொடங்கிவிடலாம். கின்னௌர் வழியிலோ சிம்லாவில் 2,200, கல்பாவில் ஏறக்குறைய 3,000, நாகோவில் 3,600 என்று உயரம் படிப்படியாகக் கூடி, தாபோவில் 3,300 அளவுக்குச் சற்றுத் தணிந்து, உடலுக்கு ஓர் இளைப்பாறல் கொடுத்த பிறகே காசாவுக்கு ஏறுகிறது. எனவே கின்னௌர் வழியாக நுழைந்து மணாலி வழியாக வெளியேறுவது என்று முடிவு செய்தோம்.

மாதமாகச் செப்டம்பரைக் குறித்தோம். ஸ்பிதி மழைமறைவுப் பகுதியே ஆனாலும், அதற்குச் செல்லும் கின்னௌர்ச் சாலையில் ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண்சரிவுகள் மிகுதி. ஜூனில் குன்சும் திறந்தாலும், உருகும் பனியால் சாலையைக் குறுக்கே கடக்கும் நாலாக்கள் எனப்படும் மலையோடைகள் பெருகியிருக்கும். செப்டம்பரில் நீர் வடிந்து, கின்னௌர்த் தோட்டங்களில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள்.

பெட்ரோல் கணக்கு எளிது. கின்னௌரில் ரெக்காங் பியோ ஊருக்குக் கீழே பொவாரியில் டேங்கை நிரப்பினால் அடுத்து நம்பிப் போகக்கூடிய பங்க் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளிக் காசாவில்தான்; எங்கள் ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளின் 15 லிட்டர் டேங்கிற்கு அது போதும். கவலை டயரைப் பற்றியது. அந்த வண்டியில் ஸ்போக் சக்கரங்களும் டியூபும் இருப்பதால், 21 அங்குல முன் டியூப், 17 அங்குலப் பின் டியூப், டயர் லீவர்கள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டதோடு, பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே பழகிக்கொண்டோம். கடையே இல்லாத சாலையில் இந்தப் பயிற்சிக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. பாலத்தைக் கடந்ததும் சாலை மலையின் முகத்தில் கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது. மரமே இல்லாத அந்தச் சரிவில் மண்ணும் கல்லும் சாம்பல், துருச்சிவப்பு, மஞ்சள் என நிறம் மாறிக்கொண்டே வருகின்றன. அங்கே வேகமாகச் செல்வது பெரும் இழப்பு என்று கருதியதால் காப் முதல் தாபோ வரையிலான தூரத்திற்கு இரண்டு நாட்களை ஒதுக்கியிருந்தோம். கி.பி. 996-இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் வெளியிலிருந்து பார்க்க வெறும் மண்சுவர்தான். உள்ளே கண் இருளுக்குப் பழகப் பழக, சுவரிலிருந்து புடைத்து நிற்கும் சுதைச் சிற்பங்களும் அவற்றின் கீழே ஓவியங்களும் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. ஆயிரம் ஆண்டு பழைய கூடத்தை அவசரமாகப் பார்க்க மனம் வரவில்லை.

வெளியேறும் வழியில் கடினமானது, குன்சுமைத் தாண்டி மணாலிப் பக்கம் பாத்தலுக்கும் கிராம்பூவுக்கும் இடைப்பட்ட கற்பாதை. வெயில் ஏற ஏறப் பனியாறுகள் உருகி நாலாக்களில் நீர் உயரும் என்பதால், அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். 4,200 மீட்டருக்கும் மேலுள்ள சந்திரதால் ஏரியை இந்தக் கடைசிப் பகுதிக்கு ஒதுக்கியதற்கும் உயரமே காரணம்: காசாவில் சில இரவுகள் தங்கிய உடலால்தான் அங்கே கூடாரத்தில் நிம்மதியாக உறங்க முடியும். மணாலி வழியாக வருபவர்கள் முதல் இரவையே அந்த ஏரிக்குக் குறிப்பதைப் பார்க்கும்போது, திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.