பாட்டில் நிறைய, ரேடியேட்டர் காலி

மூன்று மாதமாக என்னைச் சுற்றவிட்ட வண்டி, நேற்று விடியற்காலையில்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாயிற்று. சரிசெய்தாயிற்றா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கார்புரேட்டர் காலத்து வண்டி. மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் முக்கால்வரை போகும், ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வரும். கொஞ்ச நேரத்தில் முள் தானாகவே இறங்கிவிடும். அதைப் பார்த்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. சென்சார் தண்ணீரில் முழுகாமல் நீராவியில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் இறங்கத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய பொய்யன், ரேடியேட்டருக்குக் கூடுதல் கூலண்ட் வைத்திருக்கும் ரிசர்வ் பாட்டில். தினமும் பார்ப்பேன், கூலண்ட் மட்டம் அளவுக் கோட்டிலிருந்து நகர்ந்ததே இல்லை. ஒருநாள் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே குழாய்களின் தலை தெரிகிறது! அரை லிட்டருக்கு மேல் குடித்தது. யோசித்தால் நியாயம்தான். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியில் இருக்கும் சின்ன வால்வு வழியாகப் பாட்டிலிலிருந்து கூலண்டை இழுக்க வேண்டும். வேறெங்காவது ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாகச் சுலபமாகப் புகுந்துவிடுகிறது. பாட்டிலை யாரும் சீண்டுவதில்லை.

மூடியை மாற்றினேன், பலனில்லை. சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் 88 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சினேன், ஒழுங்காகத் திறந்தது. அடுத்து, இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான் போய்விட்டது என்று வயிற்றில் புளியைக் கரைத்தது. கூலண்டில் இன்ஜின் புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் பிளாக் டெஸ்டரில் நீலத் திரவம் மஞ்சளாகாமல் நீலமாகவே நின்றது. நான்கு ஸ்பார்க் பிளக்கும் ஒரே நிறம். காலடி கார்ப்பெட்டும் காய்ந்திருந்ததால் ஹீட்டருக்குள் கூலண்ட் ஓடும் ஹீட்டர் கோர் மேல் சந்தேகமில்லை.

அப்புறம்தான், மூடியின் இடத்தில் மாட்டி அழுத்தம் ஏற்றிக் கசிவைப் பார்க்கும் பிரஷர் டெஸ்டர். ஓட்டிவந்த சூட்டோடு மாட்டி, மூடி தாங்கும் அளவான 0.9 பார் அழுத்தம் ஏற்றினேன். 20 நிமிடம் முள் அசையவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் சரசரவென்று இறங்கியது. மாட்டிக்கொண்டாயா என்று குதித்தேன். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருவது டெஸ்டர் அடாப்டரின் ரப்பர் வளையத்தில்! அந்த வளையத்துக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சூடான வண்டியில் மாட்டி ராத்திரி முழுக்க விட்டுவைப்பதும் வீண், ஆற ஆற அழுத்தம் தானாகவே குறையும்.

அதனால் முந்தாநாள் இரவு, நன்றாக ஆறிய பிறகு 0.9 ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலை 5.30க்கு 0.5. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் இன்லெட் மேனிஃபோல்டுக்கு அடியில், வாட்டர் பம்புக்குக் கூலண்ட் போகும் பைபாஸ் ஹோஸின் முனையில், பச்சையாக ஒரு சொட்டு. விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்புப் பூத்தது மாதிரி காய்ந்த தடம். இன்ஜினை ஓடவிட்டேன், பத்து நிமிடத்தில் சொட்டும் இல்லை, ஈரமும் இல்லை. ஹோஸின் பழைய ரப்பர், அதை இறுக்கும் கிளிப்புக்கு அடியில் நசுங்கி இறுகிக் கிடக்கிறது. சூட்டில் உப்பி அடைத்துக்கொள்கிறது, குளிரில் சுருங்கி வழிவிடுகிறது. சூடாக இருக்கும்போது சோதித்தால் எப்படிக் கிடைக்கும்?

கம்பெனி மாட்டித் தரும் ஸ்பிரிங் கிளிப் ரப்பரோடு சேர்ந்து சுருங்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்க்ரூ கிளிப் மாட்டுவது நம் எல்லோருக்கும் ஒரு வியாதி. இதை மாட்டிய மகராசன் ஸ்க்ரூவின் தலையை இன்ஜின் பிளாக்கைப் பார்த்தபடி வைத்திருக்கிறான். ஸ்க்ரூ டிரைவர் போகாது, விரலும் போகாது. வளையும் தண்டில் 7 மி.மீ. சாக்கெட்டைக் கோத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவதால் முதலில் தளர்த்திவிட்டேன். இரண்டு முட்டித் தோலைக் கொடுத்துக் கடைசியில் அரைச் சுற்று இறுக்கினேன்.

ஹோஸை மாற்றத்தான் வேண்டும். நேர் ஹோஸை வெட்டிப் போட்டால் அந்த வளைவில் மடங்கிவிடும், வளைவோடு வார்த்ததுதான் வேண்டும். 19 மி.மீ. கேட்டதற்கு 16 மி.மீ. அனுப்பிவைத்தார்கள், திருப்பியாயிற்று. மேனிஃபோல்டைக் கழற்றினால் பின்னாலிருக்கும் கோர் பிளக்கையும் (பிளாக்கின் துளையை அடைக்கும் மூடி) பார்த்துவிடலாம், பச்சைக் கூலண்டை முழுக்கக் கழுவிவிட்டு ஆரஞ்சுக்கு மாறலாம் என்றெல்லாம் திட்டம் நீண்டுகொண்டே போகிறது. மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்கு எண்ணெய் மட்டும் அடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று இரவும் 0.9 ஏற்றிவிட்டுத்தான் படுத்தேன். இன்று காலை 0.8. கேஜை விரலால் தட்டிப் பார்த்தேன். 0.8தான்.