பயிற்சிக் கூடத்தில் குழந்தைகளும் வேண்டும்

சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடிப் பணியாளர். மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய 'போஷண் பி, படாய் பி' (ஊட்டச்சத்தும் உண்டு, படிப்பும் உண்டு) திட்டத்தின் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். 1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) தொடங்கிய காலத்திலிருந்தே சத்துமாவையும் எடையையும் வைத்துத்தான் ஊர் எங்கள் வேலையைப் பார்க்கிறது. குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதற்காகவே ஒரு பயிற்சி என்றதும் ஆசையாகத்தான் கிளம்பினேன்.

பயிற்சியில் சொல்லித் தந்த, 3 முதல் 6 வயதுக்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் எனக்குப் பெரிதாகப் புதிதில்லை. நம் மாநிலத்தில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. காலையில் வந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விளையாட விட வேண்டும் என்று சொன்னது பிடித்திருந்தது. சோடா மூடி, புளியங்கொட்டை, கொட்டாங்குச்சி வைத்துப் பொம்மை செய்தோம்; அதுவும் நன்றாக இருந்தது.

என்னை மாற்றியது அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கான 'நவசேதனா' வழிகாட்டி. பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை, 36 மாதங்களுக்கும் மாதவாரியாக, 140 செயல்பாடுகள். இந்த வயதுப் பிள்ளைகள் மையத்துக்கு வருவதில்லை. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவோம், தடுப்பூசி போட்டாச்சா, இணை உணவு கொடுக்கிறீர்களா என்று கேட்போம், திரும்பிவிடுவோம். குழந்தையிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டதே இல்லை.

ஆனால் எங்கள் ஊரில் பகலில் தாய்மார் வீட்டில் இருப்பதில்லை. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குக் காலையிலேயே போய்விடுவார்கள். பிள்ளையை வைத்திருப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். பயிற்சியில் சொன்னதெல்லாம் 'அம்மாவிடம் சொல்லுங்கள்' என்றே இருந்தது. சரி, நான் அப்பத்தாவிடம் சொன்னேன்.

எட்டு மாதப் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர், "பேசாத பிள்ளைகிட்ட என்னத்தப் பேச, தாயி?" என்றார். பாப்பா ஒரு சத்தம் கொடுத்தால் நாமும் பதில் கொடுக்கணும், அது மறுபடி சத்தம் கொடுக்கிறவரை அதன் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கணும் என்று செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பாப்பாவின் உள்ளங்கையை விரித்து, பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு கொடுத்து, நண்டூருது நரியூருது என்று அக்குள்வரை விரலை ஓட்டினார். பாதி வழியில் விரலை நிறுத்தினார். பாப்பா அடுத்தது வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே சிரித்தாள். அந்த நிறுத்தமும் காத்திருப்பும்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்து படித்த பாடம். அவருக்கு அது கையோடு வருகிறது. "இதத்தான் சொல்றேன் அப்பத்தா, தினம் செய்ங்க" என்றேன்.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஆடலும் பாடலும் கதையும் பெரியவர்களுக்குள்ளேயே நடந்தன. கதை கேட்கும்போது இரண்டு பிள்ளை எழுந்து ஓடினால், ஒன்று அழுதால், ஒன்று தூங்கி விழுந்தால் கதையை எப்படித் தொடர்வது? அதற்குப் பிள்ளைகள் முன்னால் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு நாளை ஓர் அங்கன்வாடி மையத்திலேயே வைக்கலாம்.

உதவியாளரையும் கூடவே அழைக்க வேண்டும். நான் போஷண் டிராக்கர் செல்போன் செயலியில் வருகைப்பதிவு ஏற்றும்போதும், உயரம், எடை எடுக்கும்போதும் மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் கையில்தான் இருக்கிறார்கள். சமையலும் அவரே. பிள்ளைகளின் முக்கால்வாசிப் பேச்சு அவரிடம்தான். எங்கள் உதவியாளர் அக்கா, நான் பயிற்சியிலிருந்து வந்ததும் முதலில் கேட்டதே "எனக்கும் சொல்லித் தாங்க டீச்சர்" என்றுதான். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இருவரும் உட்கார்ந்து நவசேதனாவின் மாத அட்டவணையைப் படிக்கிறோம்.

அங்கன்வாடிப் பணியாளர்களான எங்கள் மாதக் கூட்டம் முழுக்கப் பதிவேட்டிலும் செல்போனிலும் போய்விடுகிறது. அதில் அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர், தன் மையத்தில் செய்து பார்த்த ஒரு செயல்பாட்டைச் செய்து காட்ட வேண்டும், பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். சம்மதித்துவிட்டார். முதல் முறை என்னுடையது. கொட்டாங்குச்சி தாளத்தைத்தான் காட்டப்போகிறேன்.