"படித்துவிட்டாயா?" என்று கேட்பதை நிறுத்தியபோது

என் மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டில் நான் செய்த முதல் காரியம் ஓர் அட்டவணை போட்டது. பெரிய வெள்ளை அட்டை, நான்கு வண்ணப் பேனாக்கள், அடிமட்டம். காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை அரைமணிக்கு ஒரு கட்டம். கணிதத்துக்கு நீலம், வேதியியலுக்குச் சிவப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. அவள் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது அப்பா" என்றாள். யாரோ வரைந்த ஓவியத்தைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அட்டவணை ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கட்டங்கள் அப்படியே நின்றுபோயின. விட்டுப்போனதை எங்கே நுழைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் மூச்சுவிட ஒரு கட்டம்கூட நான் வைத்திருக்கவில்லை. அதன்பிறகு அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். அட்டவணை செய்யாத வேலையை நான் செய்யத் தொடங்கினேன். கதவருகே போவது, எட்டிப் பார்ப்பது, "படித்துவிட்டாயா?" "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்பது. ஒருநாள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். "அப்பா, இன்றைக்கு இது பதினொன்றாவது தடவை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள்.

தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த வாரத்தில்தான் அவளுடைய வேதியியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பக்கம் முழுவதும் மஞ்சள். முக்கியமான வரியைக் காட்டுவதற்கென்று வாங்கிய ஹைலைட்டர் பேனா, படத்துக்குக் கீழே இருந்த குறிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. "இந்தப் பாடத்தை எத்தனை முறை படித்தாய்?" என்றேன். நான்கு முறையாம். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே, எனக்குச் சொல்லு" என்றேன். முதல் இரண்டு வரி சரளமாக வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. "பார்த்தால் தெரியும் அப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. தேர்வு அறையில் எதைப் பார்ப்பாய் என்று கேட்க வாய்வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒரு கட்டுரைப் பகுதியை எல்லோரும் ஒருமுறை படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள்; மற்றவர்கள் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மறுபடி மறுபடி வாசிப்பது அன்றைக்கு மனத்துக்குத் தெம்பாக இருக்கும், ஆனால் தேர்வு அன்றைக்கு வருவதில்லையே. மறுநாள் இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். அப்பா சொன்னால் நம்பாத பெண் எண்ணைச் சொன்னால் நம்பினாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடு இதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் அவள் ஆசிரியை, நான் மாணவன். புத்தகம் மூடியிருக்கவேண்டும். அவள் சொல்வதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. புரியாத இடத்தில் ஏன், எப்படி என்று கேட்கலாம், அவ்வளவுதான். எனக்கு வேதியியல் தெரியாது என்பது வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்பட்டது.

ஒருநாள் வினையூக்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வினையை வேகப்படுத்தும், ஆனால் கடைசியில் தான் மாறாமல் இருக்கும் என்றாள். "அது எப்படி அம்மா, அத்தனை வேலையும் செய்துவிட்டு ஒன்றுமே ஆகாமல் நிற்கும்?" என்று கேட்டேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. அவள் யோசித்தாள். தாள் தேடினாள். கையில் எதுவும் கிடைக்காமல், சுவரிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் கிடந்த என் அட்டவணையை எடுத்துத் திருப்பிப் போட்டாள். ஒரு மலை வரைந்தாள். "வினை நடக்க இந்த உச்சியைத் தாண்டவேண்டும். வினையூக்கி மலையை உடைப்பதில்லை அப்பா. உயரம் குறைந்த வேறு வழியைக் காட்டுகிறது. போகிற வழியில் சேர்ந்துகொள்ளும், முடிவில் பிரிந்து வந்துவிடும்" என்று, முதல் மலைக்குள்ளேயே தாழ்வாக இன்னொரு வளைவு போட்டாள். போட்டு முடித்ததும் அவளே சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தை அவள் அதற்குமேல் படித்ததாக எனக்கு நினைவில்லை. அட்டையின் பின்பக்கம் அந்த ஐந்து மாதத்தில் முழுவதும் நிறைந்துபோயிற்று.

தடுமாறிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அந்தப் புள்ளிக்குத் திரும்ப வருவாள். மூன்று முறையும் பார்க்காமல் சொல்லிவிட்டால் அழித்துவிடலாம். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிவைத்திருக்கிறார். என் அட்டவணையில் ஒரு பாடம் முடிந்தால் முடிந்ததுதான், திரும்பி வர வழியே இல்லை.

பழைய வினாத்தாள்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் பாதிக்கிணறு தாண்டியிருப்போம் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் இருக்கும்போது முதல் தாளை எழுதினாள். மேசை, கடிகாரம், மூன்று மணி நேரம், இடையில் எழுந்திருக்கக் கூடாது. நூற்றுக்கு 54. "எல்லாம் கவனக்குறைவு" என்று சொல்லத்தான் எனக்கு வந்தது. எந்தத் தகப்பனுக்கும் அதுதான் வரும். ஆனால் போன 46 மதிப்பெண்ணும் எங்கே போயின என்று ஒவ்வொரு கேள்வியாக இருவரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். தெரியாமல் போனது 15. தெரிந்தும் கூட்டல் கழித்தலில் சறுக்கியது 9. கேள்வியைச் சரியாக வாசிக்காததால் 8. நேரம் போதாமல் தொடாமலே விட்டது 14.

பதினான்கு! ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தாள், தெரிந்த பாடம் என்ற உற்சாகத்தில். அவளே கணக்குப் போட்டாள். 180 நிமிடம், 100 மதிப்பெண். மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் எழுத 150 நிமிடம். மீதி முப்பது வாசிக்கவும் சரிபார்க்கவும். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஏழரை நிமிடம், அதற்குமேல் ஒரு வரிகூடக் கிடையாது. கேள்வியை வாசிக்காமல் போன எட்டு மதிப்பெண்ணுக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள்: விவரி, வேறுபடுத்து, நிறுவு, காரணம் கூறு என்று கேள்வி எதைச் செய்யச் சொல்கிறதோ அந்தச் சொல்லைச் சுற்றி முதலில் ஒரு வட்டம். நான்காவது தாளில் நேரத்தால் போனது மூன்றே மதிப்பெண். கூட்டல் பிழை மட்டும் கடைசிவரை எங்களோடு குடித்தனம் நடத்தியது.

தூக்கத்தில் நான் செய்த தவற்றை என் மனைவிதான் பிடித்தாள். பதின்வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும். இரவு சீக்கிரம் தூக்கம் வராது, விடியற்காலையில் விழிப்பும் வராது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் 5 மணிக் கட்டத்தில் அவளை உட்கார வைத்து, கொட்டாவி விடுவதைச் சோம்பல் என்று எழுதிவைத்திருந்தேன். எழும் நேரத்தை ஆறரைக்கு மாற்றினோம். கைப்பேசிகள் மூன்றும் இரவில் கூடத்து அலமாரிக்குப் போயின. மூன்று என்றால் என்னுடையதும் சேர்த்துத்தான். ஒளித்துவைத்ததை எடுத்ததற்காக இரண்டு முறை பிடிபட்டவன் நான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். "இது போனால் எல்லாம் போயிற்று அப்பா" என்றாள். நான் தொண்டையைச் செருமி ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். மூவரும் நடக்கப் போனோம். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. திரும்பி வரும்போது, எந்தப் பாடத்தில் சறுக்கினாள் என்று அவளாகவே சொல்லத் தொடங்கினாள். எங்களுக்கு அத்தோடு போயிற்று. தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழ்க்கையே வெறுத்ததுபோலப் பேசியிருந்தாலோ, நடையை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம்தான் போயிருப்போம்.

தேர்வு நாள்களில் எங்கள் வேலை மிகச் சிறியது. நுழைவுச்சீட்டு, பேனாக்கள், கைக்கடிகாரம் எல்லாம் முந்தின இரவே பையில். எழுதிவிட்டு வந்ததும் வினாத்தாளை வீட்டில் பிரிக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. கணிதத் தேர்வு முடிந்து வந்தவளிடம் வாசலிலேயே, "கடைசிக் கணக்கு வந்ததா?" என்று கேட்டுவிட்டேன். வரவில்லை. அன்று மாலை முழுவதும் அவள் அந்தக் கணக்கோடுதான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தேர்வுக்கான பாடம் மேசையில் திறந்தபடி கிடந்தது. அந்த ஆண்டில் நான் கேட்ட கேள்விகளில் ஒன்றைத் திரும்பப் பெறலாம் என்றால் இதைத்தான் பெறுவேன்.

அவள் விரும்பிய படிப்பில் சேர்ந்துவிட்டாள். இப்போது இளையவனின் முறை. அவனிடம் "எனக்குச் சொல்லிக் காட்டு" என்றால் கூசிப்போகிறான். தனியாக, நடந்துகொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்கிறான். போன வாரம் என்னிடம் வந்து, "அப்பா, அக்காவுக்குப் போட்டீர்களே, அதுபோல எனக்கும் ஒரு அட்டவணை போட்டுத் தருகிறீர்களா?" என்று கேட்டான். அடிமட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வாரத்தில் இரண்டு மாலைக் கட்டங்களை வெறுமையாகவே விடப்போகிறேன்.