ஜெகதீசனின் எந்த ஓட்டம் பெரியது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஒட்டுக்கடைகளில் இந்தப் பேச்சு கிளம்பினால் லேசில் அடங்காது. பெரியவர்கள், பக்கத்துக் கோலகங்சாரில் பிறந்த விரைவோட்டக்காரர் மணி ஜெகதீசனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பையன்கள் கைப்பேசியை நீட்டுவார்கள்: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை ஓடியது 20.92 வினாடி, 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் ஓடியது 20.90. கதை முடிந்தது என்கிறான் என் அண்ணன் மகன்.

49 ஆண்டுகள் நின்ற மலேசியத் தேசிய சாதனையை இரண்டே எண்களில் முடித்துவிடலாமா? மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. விரைவோட்டக்காரருக்கு அது பெரிய உதவி. ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களுக்குச் செயற்கைத் தளம் வந்ததும் அந்த ஆண்டில்தான். அந்த உயரத்தின் உதவி இல்லாமல் ஓடிய கைருலுக்கு உரிய மரியாதையைப் பெரியவர்கள் தரத்தான் வேண்டும்.

பழைய தோட்டப்புற ஓட்டப் போட்டிகளின் நேரங்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் கடிகாரத்தை அழுத்துவதற்குள் ஒரு கணம் போய்விடும். அதனால்தான் கையால் எடுத்த 100, 200 மீட்டர் நேரங்களுடன் 0.24 வினாடியைக் கூட்டி மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம்.

ஆனால் நேரத்தை மட்டும் பேசும் பையன்கள் ஒரு நாள் எங்கள் திடலுக்கு வர வேண்டும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் பயிற்சிக்கு நான் சுண்ணாம்புக் கோடு போடும் திடல் அது. மழை பெய்த மறுநாள் வளைவில் புல் வழுக்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அங்கே வேகத்தைக் குறைத்து, பெருவிரலை மண்ணில் ஊன்றித் திரும்பும். அடுத்த பிள்ளை அதே குழியில் கால் வைக்கும். கடிகாரம் இதையெல்லாம் எங்கே காட்டுகிறது?

எனக்கு மெக்சிகோ ஜெகதீசனைவிட 1966 பாங்காக் ஆசிய விளையாட்டு ஜெகதீசன்தான் பெரியவர். 100, 200, 4x100 தொடரோட்டம் என மூன்று தங்கம். அந்த வாரம் ஆசியாவில் யார் யார் வந்தார்களோ, அத்தனை பேரையும் முந்தினார். காலம் கடந்து ஒப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதே பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் நம் தாப்பா மண்ணின் ராஜாமணி. ஒட்டுக்கடை வாதத்தில் அவர் பெயர் எழாதது எனக்கு ஆறவே இல்லை. என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.